வெள்ளைத் தூசி

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பெருவியானஸ் செடியை அளந்தேன். என்னைவிட ஒரு முழம் உயரம். போன வருஷம் இதே வாரத்தில் என் நெற்றிக்குச் சமமாக நின்றது. பணியில் இருந்த காலத்தில் எனக்கு வந்த பதவி உயர்வுகூட இந்த வேகத்தில் வந்ததில்லை.

கண்காட்சி அடுத்த மாதம் 23ஆம் தேதி. எங்கள் கேக்டஸ் சங்கத்தில் உருண்டைக் கேக்டஸுக்கு ஒரு கோப்பை, தூண் கேக்டஸுக்கு ஒரு கோப்பை. தூண் கேக்டஸ் என்பது பந்துபோல உட்காராமல், தரையில் படராமல், நெட்டுக்குத்தலாக மேலே போகும் அமெரிக்கச் சாதி. அந்தக் கோப்பை சில வருஷங்களாக என் வீட்டு அலமாரியைவிட்டு வேறு எங்கும் போனதில்லை. போகவும் போகாது.

இந்தச் செடியை வாங்கும்போது என் கட்டைவிரல் உயரம். ஒரு மலையூரில் நடந்த மலர்க் கண்காட்சியில் கடைக்காரர் ஒருவர், "பெரு நாட்டுச் சரக்குங்க" என்று கொடுத்தார். செரியஸ் பெருவியானஸ் என்று பெயர்ப்பலகை எழுதி வைத்தவன் நான். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆயுசு முழுக்க ஆட்களை அடையாளம் கண்டவனுக்கு ஒரு செடியை அடையாளம் காண்பதா பெரிய காரியம்? இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டால் ராமசாமி ராமசாமிதான். அதற்குமேல் ராமசாமியைக் கீறிப் பார்க்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

துணி காயப்போட வந்த என் மனைவி மயிலாத்தாள் செடியைப் பார்த்து, "எங்கூர்க் கரட்டுல இதே மாதிரி..." என்று ஆரம்பித்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை இந்த வாக்கியத்தை ஆரம்பிப்பாள். நான் முடிக்க விட்டதில்லை. காங்கேயத்துப் பக்கத்துப் பாறைக்கரட்டில் கண்டவற்றையெல்லாம் பெரு நாட்டோடு முடிச்சுப் போட்டால் எங்கே போவது?

ஜனவரி 9, வியாழன்

புது உறுப்பினருக்கு வரவேற்புக் கன்று தரவேண்டும். சங்கத்தில் சேருகிற எல்லோருக்கும் பெருவியானஸில் ஒரு கிளைத்துண்டு கொடுப்பது என் வழக்கம். வெட்டும்போது யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. மாடிக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பழைய சட்டை, ரப்பர் கையுறை, கண்ணுக்கு ஸ்கூட்டர் கண்ணாடி. வெட்டிய இடத்தைப் பச்சைத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, தழும்பு கட்டிய பிறகு செய்தித்தாளில் சுருட்டிக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் துண்டு போன மாதமே வெட்டியது. தயாராக இருக்கிறது.

வெட்டும்போது போட்டிருந்த சட்டையை எரித்தது பற்றி மயிலாத்தாள் கேட்டாள். கறை போகவில்லை என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

மாதக் கூட்டம். துணைத்தலைவர் டாக்டர் சிதம்பரநாதனின் கண் ஆஸ்பத்திரி மாடியில் நடந்தது. போண்டா மட்டம்.

புது உறுப்பினர் எஸ்தர் கிரேஸ். இங்கே மகளிர் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியை, சொந்த ஊர் நாசரேத் பக்கம். தலைவர் என்ற முறையில் நான்தான் வரவேற்றுக் கிளைத்துண்டைக் கொடுத்தேன். அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். செய்தித்தாளைப் பிரித்தார். முள்ளை விரலால் தடவினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"தாராளமா கேளுங்க."

"கேக்டஸ்னா முள்ளுக்கு அடியில பஞ்சு மாதிரி ஒரு குட்டி மெத்தை இருக்கும்லா. அதுலேருந்து முள்ளு கொத்தா வரும். இதுல மெத்தையக் காணோமே. வரப்பு மேல ரெண்டு ரெண்டா ஜோடி முள்ளுதான் இருக்கு."

பெரு நாட்டு மண்ணில் இருக்கும் மெத்தை ஈரோட்டு வெயிலில் இருக்குமா என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டுத்தான் அடுத்த குண்டைப் போட்டார்.

"சும்மா ஒரு ஊசிய வச்சுக் குத்திப் பாத்தியளா சார்? பால் வந்தா இது நம்ம ஊர் சதுரக்கள்ளி. கேக்டஸ் குடும்பமே கெடையாது. பால் வரலைன்னா நான் சொன்னது தப்பு. ஒரு நிமிஷ வேலைதானே."

போண்டாவைக் கையில் பிடித்தபடி எல்லோரும் அப்படியே இருந்தார்கள். சங்க விதிகளை எழுதியவன் நான். பால் வடியும் நாட்டுக் கள்ளிகளுக்குச் சங்கத்தில் இடமில்லை என்பது மூன்றாவது விதி. ஊரோரத்தில் ஆடு மேய்கிற இடத்தில் முளைப்பதற்கெல்லாம் பெயர்ப்பலகை வைத்தால் அப்புறம் சங்கம் எதற்கு? இப்போது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் என் கிளைத்துண்டு வளர்கிறது. டாக்டர் வீட்டுச் செடி இரண்டாம் பரிசு வாங்கியது. செயலாளர் லோகநாயகி அம்மாள் வீட்டுச் செடிக்கு ஆறுதல் பரிசு.

"குத்தறதாவது. உயிருள்ள செடிங்க" என்றார் லோகநாயகி. கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஜனவரி 13, திங்கள்

கோபத்தில் இட்லி இறங்கவில்லை. நேற்று வந்த உறுப்பினர், ஆறேழு வருஷக் கோப்பைக்கு ஊசி கேட்கிறார்.

சாயங்காலம் மாடிக்குப் போய்ச் செடியைச் சும்மா பார்த்துவிட்டு வந்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ராத்திரி இடது கண் உறுத்துகிறது. மார்கழிப் பனி ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 18, சனி

பொங்கல் முழுக்கக் கண்ணில் எரிச்சல். டாக்டரிடம் போனேன். அவரே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். பெஞ்சில் லோகநாயகி அம்மாள், கறுப்புக் கண்ணாடி. அவருக்குப் பக்கத்தில் பொருளாளர், அவருக்கும் கறுப்புக் கண்ணாடி. சங்கத்தின் செயற்குழுவை அப்படியே அங்கே கூட்டியிருக்கலாம், கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை இருந்தது.

"மெட்ராஸ் ஐங்க" என்றார் டாக்டர், என் இமையைத் தூக்கிப் பார்த்தபடி. "ஞாயித்துக்கெழமையிலிருந்து ஊரெல்லாம் ஒரே மெட்ராஸ் ஐ."

"கூட்டத்துல யாரோ ஒட்டவச்சுட்டாங்க போலிருக்குங்க" என்றேன்.

"அப்படித்தானுங்க இருக்கோணும்."

எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை என்று மயிலாத்தாள் சொல்கிறாள். தெருக்காரர்கள் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லையே.

ஜனவரி 24, வெள்ளி

உருண்டைக் கேக்டஸ்களில் மாவுப்பூச்சி. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். முதுகு போய்விட்டது.

மாமில்லேரியா என்றொரு உருண்டைக் கேக்டஸ் இனத்தில் சிலவற்றைக் கீறினால் பால் வருமாம். புத்தகத்தில் போட்டிருக்கிறான். அசல் அமெரிக்கக் கேக்டஸ், அதற்கே பால். இதை இரண்டு முறை படித்தேன். என் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பொது அறிவுக்காகப் படித்ததுதான். படித்த பிறகு நன்றாகப் பசித்தது. மயிலாத்தாள் அரிசிம்பருப்புச் சாதம் செய்திருந்தாள், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

செயற்குழு. இரண்டு முக்கிய முடிவுகள், இரண்டும் என் யோசனை.

ஒன்று, கண்காட்சியில் எந்தச் செடிக்கும் மூன்றடி தூரத்துக்குள் ஊசி, கத்தி, குண்டூசி, நகவெட்டி உள்ளிட்ட கூரிய பொருளோடு யாரும் வரக்கூடாது. உயிர்வதைக்கு எதிரான நிலைப்பாடு என்று டாக்டர் அழகாகச் சொன்னார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

இரண்டாவது, எஸ்தர் மேடத்தைச் சங்கத்தின் அறிவியல் ஆலோசகராக நியமித்து, கண்காட்சியின் தலைமை நடுவராகவும் போட்டுவிட்டோம். நானே சால்வை போர்த்தினேன். சங்கத்துக் கடிதத்தாளில் அவர் பெயர் டாக்டர் பெயருக்கும் மேலே வரும். அந்த அம்மாள் முதலில் கூச்சப்பட்டார், "எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்றார். படம் எடுக்கும்போது மட்டும் நேராக நின்றார். ஊசி பற்றிப் பேச்சே வரவில்லை. மனிதர்களை எப்படி நடத்தவேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் கற்றது வீண்போகவில்லை.

பிப்ரவரி 5, புதன்

எஸ்தர் மேடம் போன் செய்தார். சால்வையின் நிறம் கல்லூரியில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம்.

பிப்ரவரி 12, புதன்

பெருவியானஸைக் கீழே இறக்கினோம். மண்டபத்து நிழலுக்குப் பழக வேண்டும், திடீரென்று மாற்றினால் செடி சுணங்கிவிடும். சுமை தூக்கும் ஆட்கள் இரண்டு பேர் தொட்டியைப் பிடித்தார்கள். உச்சியில் சாக்கு சுற்றி மயிலாத்தாள் தாங்கிக்கொண்டு வந்தாள். நான் முன்னால் நின்று கையசைத்து வழிகாட்டினேன்.

"கொஞ்சம் மெல்லீங்க, எனக்குப் படி தெரியமாட்டீங்குது" என்றாள். தெரியாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன் அல்லவா?

மாடிப்படித் திருப்பத்தில் பக்கக் கிளை சுவரில் இடித்து முறிந்துவிட்டது. போன வருஷம்தான் விட்ட கிளை, அதனால்தான் செடிக்கே ஒரு கம்பீரம். முறிந்த இடத்தில் ஏதோ ஈரம். நான் பதறவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுத்திப் பிடித்து ஒழுகுவதை உடனே நிறுத்தினேன். ஆட்கள் இரண்டு பேரும் ஏன் அப்படிக் கத்தினார்கள் என்று தெரியவில்லை.

பிறகு பார்த்தால் மயிலாத்தாள் மாடிக்குழாயைத் திறந்துவிட்டு வலது கண்ணை அதில் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புடவை முழுக்க நனைந்துவிட்டது. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை, அழுதாள்.

ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெஞ்சில் லோகநாயகி அம்மாள், மறுபடி கறுப்புக் கண்ணாடி. எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்க்கிற சுபாவம் அவருக்கு. கதவு திறந்தே கிடந்தது.

"என்ன பட்டுச்சுங்க?" என்றார் டாக்டர்.

"தூசிங்க."

"எந்த மாதிரித் தூசி?"

"வெள்ளைத் தூசி."

டாக்டர் லோகநாயகியைப் பார்த்தார். லோகநாயகி சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தார்.

"காஞ்ச தூசியா, ஈரத் தூசியா?"

"கொஞ்சம் ஈரமாத்தானுங்க இருந்துச்சு."

"பிசுபிசுன்னு ஒட்டுச்சா?"

"ஒட்டுச்சுங்க."

"புரிஞ்சுதுங்க. இந்த சீசன்ல அந்தத் தூசி ரொம்ப மோசம். எனக்கே போன மாசம் பட்டுச்சு."

"எனக்குமுங்க" என்றார் லோகநாயகி, பெஞ்சிலிருந்து.

டாக்டர் வெகுநேரம் கண்ணைக் கழுவினார். சொட்டு மருந்து இரண்டு விதம் எழுதினார். அந்தத் தூசி நாளைக்கு வீங்கும், பார்வை மங்கினால் யோசிக்காமல் கோவைக்குப் போய்விடுங்கள் என்றார். நல்ல மனிதர், வாங்கவேண்டிய காசை வாங்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

வீங்கிவிட்டது. காபி நான் போட்டேன். குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

வலது கண்ணில் என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன். "புகை மாதிரி தெரியுதுங்க" என்றாள். இடது கண்ணை மூடிக்கொண்டு காலண்டர் தேதி சொல்லச் சொன்னேன். சொல்லவில்லை. காலண்டரே தெரியவில்லையாம்.

பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

கோவை. பெரிய கண் ஆஸ்பத்திரி. டோக்கன் வாங்கி, நான்கு வரிசையில் நின்று, கடைசியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் முன்னால் உட்கார்ந்தோம். அங்கே சங்கத்து ஆள் யாரும் இல்லை. அந்த அம்மா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"என்ன பட்டுது?"

"தூ..." என்று ஆரம்பித்தேன். மயிலாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏனுங்க, கெளை ஒடஞ்சப்ப நீங்க ஓடியாந்து மொதல்ல எதைப் புடிச்சீங்கன்னு நான் பாத்தேனுங்க. பால் பட்டது ஒரு கண்ணுலதான். இன்னொரு கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு." கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில்தான் சொன்னாள். "எனக்குக் கண்ணு வருதோ போகுதோ. அந்தப் புள்ள கேக்குது, தூசின்னு மட்டும் சொல்லாதீங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. துண்டால் நான் அழுத்திப் பிடித்தது ஒரு செடியை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் இரண்டு படி தள்ளி நின்று கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதை நான் இந்த டைரியிலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன்.

"சதுரக்கள்ளிங்க" என்றேன். "அதோட பால்."

டாக்டரம்மா தட்டுவதை நிறுத்தக்கூட இல்லை. "கள்ளிப்பாலா? மொதல்லயே சொல்லலாம்ல சார். இதுக்குன்னு ட்ரீட்மென்ட் இருக்கு. இல்லாட்டி தேவையில்லாம நாலு டெஸ்ட் எடுத்திருப்போம்."

அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜில் இருக்கிறோம். மணிக்கொரு சொட்டு. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, இரண்டாவது கன்னத்தில். "பதிவாளருக்குக் குறி தப்புது" என்றாள். அவள் என்னைக் கிண்டல் செய்து எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

விரல்களை எண்ணினாள். சரியாகச் சொன்னாள். நாளைக்கு ஊருக்குப் போகலாமாம், மிச்ச மருந்தை டாக்டர் சிதம்பரநாதனே பார்த்துக்கொள்ளலாமாம். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டோம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்காட்சிக்குச் செடி இல்லாமல் போனேன்.

தூண் கேக்டஸ் மேசையைப் பார்க்கவேண்டும். பதினைந்து தொட்டிகளுக்குக் குறையாது. அசல் கேக்டஸ் இரண்டோ மூன்றோ ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. மற்ற எல்லாம் என் வீட்டுப் பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் என் கையெழுத்தில் பெயர்ப்பலகை. வரிசையாக நிமிர்ந்து நின்றன. இத்தனை நல்ல வளர்ப்பு.

தலைவர் உரைக்கு மைக்கைக் கொடுத்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். இந்த மேசையில் இருப்பவை சதுரக்கள்ளி. நான் தப்பாகப் பெயர் வைத்தேன். முதல் கிளையை வெட்டிய அன்றே பால் வந்தது, அன்றைக்கே தெரியும். என் மனைவியின் கண் போகப் பார்த்தது. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருங்கள், பட்டால் உடனே தண்ணீரில் கழுவுங்கள், தூசி என்று சொல்லாதீர்கள்.

கைதட்டல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை. எல்லோரும் உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"சாருக்கு வீட்டுல கஷ்டம். மனசு ஒரு நெலையில இல்லீங்க" என்றார் டாக்டர், மிகவும் கனிவாக.

சட்டையில் குத்தியிருந்த தலைவர் பேட்ஜின் ஊக்கைக் கழற்றிக்கொண்டு மேசையைப் பார்த்து நடந்தேன். ஒரே குத்து, விஷயம் முடிந்துவிடும். லோகநாயகி அம்மாள் குறுக்கே வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"மூணடிங்க சார். நீங்க போட்ட விதிதானுங்களே."

எஸ்தர் மேடத்தைப் பார்த்தேன். தலைமை நடுவர் நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். "மேடம், நீங்களே சொல்லுங்க. இது என்ன செடி?"

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாவரவியல்ல பேரெல்லாம் மாறிக்கிட்டேதான் சார் இருக்கும். ஆய்வு இன்னும் போய்க்கிட்டிருக்கு. பொது மேடையில இப்படித்தான்னு அடிச்சுச் சொல்ல ஏலாது."

அந்தச் சால்வைக்கு ஜவுளிக்கடையில் அரைமணி நேரம் நின்று நிறம் பார்த்தவன் நான்.

அங்கேயே அவசரப் பொதுக்குழு கூட்டினார்கள். டாக்டர் முன்மொழிந்தார், லோகநாயகி அம்மாள் வழிமொழிந்தார். இரண்டு சாட்சி ஆயிற்று. கேக்டஸைக் கள்ளி என்று தவறாக இனங்கண்டு சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதாலும், தாவரங்களை அடையாளம் காணும் திறன் குன்றிவிட்டதாலும், என்னைத் தலைவர் பொறுப்பிலிருந்தும் அடிப்படை உறுப்பினர் நிலையிலிருந்தும் நீக்குவதாகத் தீர்மானம். எல்லாக் கையும் தூக்கியாயிற்று. எஸ்தர் மேடம் கை பாதிவரை வந்து நின்றது, அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

தூண் கேக்டஸ் கோப்பை டாக்டருக்கு. நான் கொடுத்த கிளைத்துண்டுதான். போர்ட்டிகோவில் வைத்துத் திருப்பிவிடாமல் வளர்த்திருக்கிறார், மேற்கே சாய்ந்து நிற்கிறது. அப்படிக் கோணலாக நிற்கிற செடிக்குக் கோப்பை. மற்றதையெல்லாம்கூட ஜீரணித்துக்கொள்வேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ராத்திரி மயிலாத்தாளிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். இப்போதெல்லாம் தோசை நான்தான்.

"கள்ளின்னு சொல்லீட்டீங்களா? மைக்குலயா?"

"மைக்குலதான்."

"அவிங்க என்ன சொன்னாங்க?"

"கேக்டஸ்தானாம். எனக்குத்தான் அடையாளம் தெரியலையாம். நீக்கீட்டாங்க."

சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது, டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், சிரிக்காதே என்று அதட்டினேன். அதற்கும் சிரித்தாள். தோசை தீய்ந்துவிட்டது. கொஞ்ச நேரம் நான் முறைத்துக்கொண்டு நின்றேன், அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை.

மத்தியானம் படுத்தால் தூக்கம் வரவில்லை. சாயங்காலங்களில் போவதற்கு இனி இடம் இல்லை. என்னைச் சார் என்று கூப்பிட இந்த ஊரில் வேறு ஆள் கிடையாது. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுதினால் பொய்.

பிப்ரவரி 29, சனி

காலையில் பெயர்ப்பலகையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சதுரக்கள்ளி என்று புதிதாக எழுதி வைத்தேன். பெயர் மாறியதில் செடிக்கு ஒரு குறையும் இல்லை, முறிந்த இடத்துக்குப் பக்கத்தில் புதுத் துளிர் வருகிறது. மயிலாத்தாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் ஊர்க் கரட்டைப் பற்றிய அந்த வாக்கியத்தை முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள். அங்கே இது பாறை இடுக்கில் யானை உயரத்துக்கு நிற்குமாம், யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லையாம்.

மார்ச் 9, திங்கள்

கண் பரிசோதனைக்கு டாக்டர் சிதம்பரநாதனிடம் போகவேண்டியிருந்தது. போகமாட்டேன் என்றேன். "கண்ணு என்னுதுங்க, கோவம் உங்குளுது. எது பெருசு?" என்றாள். போனோம்.

டாக்டர் ஒன்றும் நடக்காததுபோல, "வாங்க சார், வாங்கம்மா" என்றார். மேசைமேல் கோப்பை இருந்தது. மயிலாத்தாளை அந்த வெளிச்ச இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லி உற்றுப் பார்த்தார்.

"அருமையா தெளிஞ்சிருச்சுங்க. தழும்பு இல்லை. படிக்கறதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கலாம்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த நான்கு வாரமாக மூச்சை முழுசாக விட்டேனா என்றே தெரியவில்லை.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"சார், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. சங்கம்னா அப்படித்தானுங்க. செடி போர்ட்டிகோ கூரையை முட்டுது. உச்சியக் கழிக்கோணும். நேத்து கத்திய வெச்சேன், ஒரே... நிக்கவே மாட்டீங்குது. நீங்க வெட்டறப்ப அது நிக்கறதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"எது நிக்கறதுக்குங்க?"

"அதுதானுங்க." வாசலைப் பார்த்தார். கதவு திறந்திருந்தது, பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். "அந்தத் தூசி."

எனக்குச் சட்டென்று பழைய பழக்கத்தில் பதில் வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் மயிலாத்தாள் முந்திக்கொண்டாள். இயந்திரத்திலிருந்து தாடையை எடுக்கவேயில்லை, வெளிச்சம் இன்னும் அவள் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"பாலுன்னு சொல்லுங்க டாக்டர். எங்கூட்டுக்காரர் சொல்லிக் குடுப்பாரு."

டாக்டர் வாயைத் திறந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மறுபடி வாயைத் திறந்தார். நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

"ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க" என்றார்.